படிக்கத் திணறும் பிள்ளை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அவளுக்கு டிஸ்லெக்சியா இருப்பது மூன்றாம் வகுப்பில் தெரிந்தது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டுப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில், ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் என்று எங்காவது ஒரு அம்மாவோ அப்பாவோ என்னைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன், வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

டிஸ்லெக்சியா என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எழுத்தைப் பார்த்ததும் அதன் ஒலி மனசில் தானாக எழ வேண்டும். நமக்கு எழுகிறது, எப்படி எழுகிறது என்று நாம் யோசித்ததே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த இணைப்பு மெதுவாகத்தான் உண்டாகும், அதுவும் ரொம்பப் பழகிய பிறகு. கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், வாய் ஓயாமல் கதை பேசும், ஆனால் நாலு வரி படிப்பதற்குள் வேர்த்துவிடும். எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பாப்பாவுக்கு ‘ப’வும் ‘ம’வும் நாம் பார்க்கிற மாதிரியேதான் தெரிகின்றன. எதற்கு எந்த ஒலி என்பதுதான் பிடியில் நிற்காமல் நழுவும்.

நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கண்டுபிடிக்கவே இல்லை. இரண்டாம் வகுப்பு முடியும் வரை அவள் நன்றாகப் படிக்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் வரியைத் தடவிக்கொண்டே, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பி முழுப் பாடத்தையும் சொல்வாள். ஒருநாள் சாம்பார் கொட்டி இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த ஒட்டிய பக்கங்களில் இருந்ததையும் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மொத்தப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறாள்.

அப்புறம் யோசித்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார், மாதங்களின் பெயரை வரிசையாகச் சொல்ல வராது, வாசிப்புத் தேர்வு வைக்கிற நாளில் மட்டும் வயிறு வலிக்கும். பையனாக இருந்து வகுப்பில் கலாட்டா செய்திருந்தால் யாராவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள். இவள் கடைசி பெஞ்சில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள், அமைதியான பிள்ளை என்று ரிப்போர்ட் கார்டில் எழுதி அனுப்பினார்கள்.

பேச்செல்லாம் நன்றாகத்தானே பேசுகிறாள், படிக்க மட்டும் வலிக்கிறதா? சோம்பேறித்தனம் இல்லையா?

இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன், அதுவும் கையில் ஸ்கேலோடு. அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்வீட்டுப் பையன் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வீட்டுப்பாடத்துக்கு இவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள், அதற்குப் பிறகும் பாதிதான் முடிந்தது, அடுத்த நாள் திட்டும் வாங்கினாள். இரண்டு பேரில் யார் சோம்பேறி? கஷ்டப்பட்டுப் படி, கஷ்டப்பட்டுப் படி என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை, வகுப்பிலேயே அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் அவர்கள்தான். போட்ட உழைப்புக்கு ஏதாவது ஒன்று கைக்கு வர வேண்டும். வராமல் போவதுதான் அவர்களை உடைக்கிறது.

இது மந்த புத்தியா?

இல்லை. இது பழைய சந்தேகம்தான். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர் 14 வயசுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கெல்லாம் சட்டென்று போடுவான், படிக்க மட்டும் வராது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியாரே சொன்னாராம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊரில் மக்கு என்ற ஒற்றைச் சொல்லில் கதையை முடித்துவிடுகிறோம்.

தமிழிலும் வருமா? இங்கிலீஷ் மீடியத்தில் போட்டதால் வந்தது என்கிறார்களே?

எந்த மொழியிலும் வரும். மீடியத்தை மாற்றினால் போய்விடும் என்று என்னிடம் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மொழிக்கு மொழி அது தலைகாட்டும் விதம்தான் வேறு. ஆங்கிலத்தில் எழுத்து 26தான், ஆனால் எந்த எழுத்து எங்கே எப்படி ஒலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்துவிடலாம், ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ என்று ‘க’ இடத்துக்கு இடம் கொஞ்சம் குரல் மாற்றும், அதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். அதனால் தமிழ் படிக்கும்போது இந்தப் பிள்ளைகள் தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதுதான் அதிகம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளே, போகப் போகச் சரியாகிவிடும் என்று நாமும் வருஷத்தை ஓட்டிவிடுவோம்.

தமிழிலும் முள் இருக்கிறது. மொத்தம் 247 எழுத்து. துணைக்கால், கொம்பு என்று ஒழுங்காக வருகிற வரிசைகள் பரவாயில்லை. உகர வரிசையைப் பாருங்கள்: கு, சு, து, மு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல். கூ, சூ, தூ, மூ என்று நீட்டினால் மறுபடியும் வேறு வேறு சாயல். ஒன்றைக் கற்றால் அடுத்தது தானாக வராது, ஒவ்வொன்றாகத்தான் மனசில் ஏற்ற வேண்டும். அடுத்தது ‘கொ’. ஒலியில் முதலில் வருவது க், எழுத்தில் முதலில் நிற்பது கொம்பு, ‘க’ நடுவில், கால் கடைசியில். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இங்கே மட்டும் நடுவிலிருந்து ஆரம்பி என்றால் குழந்தை என்ன செய்யும்? பாப்பா ரொம்ப நாள் ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படித்தாள், துணைக்காலை ‘ர’ என்று நினைத்து.

இன்னொன்று, நாம் பேசுகிற தமிழும் புத்தகத் தமிழும் ஒன்று இல்லை. படிக்கச் சிரமப்படுகிற பிள்ளை முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கும். ‘வந்து’ வரைக்கும் பார்த்துவிட்டு ‘வந்துட்டாங்க’ என்பாள், புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’ என்றிருக்கும். அர்த்தம் சரி, மார்க் இல்லை. ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ மாதிரி ரயில் பெட்டி கோத்த சொல் வந்தால் புத்தகத்தை மூடியே விடுவாள்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, லை, னை மாதிரி 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றினார்கள். மாமனார் வைத்திருந்த பழைய புத்தகம் ஒன்றில் அந்த யானைத் தும்பிக்கை ‘லை’யைப் பார்த்துவிட்டு, ‘நல்லவேளை, நான் அப்பவே பொறக்கல’ என்றாள் பாப்பா.

கண்ணாடி, சத்து மாத்திரை, கலர் ஷீட், வல்லாரை?

டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. கலர் பிளாஸ்டிக் தாளைப் பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கச் சொல்லி ஒருவர் எங்களிடமும் விற்றார், அது இப்போது ஜன்னலில் ஒட்டியிருக்கிறது. வல்லாரைத் துவையல் நன்றாக இருக்கும், சாதத்தோடு சாப்பிடுங்கள்.

எங்கே காட்டுவது? செலவு அதிகமா?

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள், சில சமயம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அதில் குறை இல்லை என்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவர் உட்கார்த்தி வைத்து மதிப்பீடு செய்ய வேண்டும், வெறும் பேச்சில் முடிவு சொல்கிறவரிடம் போகாதீர்கள். தனியாரிடம் செலவு ஆகும். அரசிலும் வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், 18 வயது வரை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் வழியாகப் போனால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ முகாமும் நடத்துவார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது.

எட்டு வயசுக்கு முன்னால் சான்றிதழ் தர மாட்டார்கள். அதற்காக எட்டு வயசு வரை காத்திருக்கக் கூடாது. ஆறு வயசில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கலாம், பயிற்சி கொடுக்கச் சான்றிதழ் எதற்கு?

பரம்பரையாக வருமா?

குடும்பத்தில் ஓடக்கூடியதுதான். இதைச் சொல்ல வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

கோயம்புத்தூரில் பாப்பாவை மதிப்பீடு செய்த மேடம், ‘உங்க ரெண்டு பேர் வீட்லயும் படிக்கக் கஷ்டப்பட்டவங்க யாராவது இருக்காங்களா?’ என்று கேட்டார். நான் உடனே இல்லை என்றேன். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். அவிநாசி தாண்டியதும், ‘நான் எட்டாவதுல ஏன் நின்னேன்னு உனக்குத் தெரியுமா?’ என்றார்.

‘வீட்ல கஷ்டம்னு சொன்னீங்களேங்க.’

‘கஷ்டமும் இருந்துச்சு. ஆனா வாத்தியார் எந்திரிச்சுப் படின்னு சொல்லுவாரு பாரு, அதுக்குப் பயந்துதான் கம்பெனிக்கு ஓடியாந்தேன்.’

தமிழ் மீடியம், கிராமத்துப் பள்ளி. இங்கிலீஷ் மீடியத்தால் வருகிறது என்று சொல்பவர்களுக்கு என் பதில் அந்த பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பேங்க் பேப்பரோ பத்திரிகையோ எது வந்தாலும் ‘நீயே படி, உன் குரல்ல கேட்டாத்தான் நல்லா இருக்கு’ என்பார். அதை அன்பு என்று நினைத்துப் பத்து வருஷம் படித்துக் கொடுத்திருக்கிறேன். கோபம் வந்தது, பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன், அழுகையும் சேர்ந்து வந்தது.

துணி ரோலைப் பார்த்தாலே எத்தனை பீஸ் விழும் என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் தப்பாது. டிஸ்லெக்சியா இருப்பவர்களுக்கு இந்த மாதிரித் தனித்திறமை கூடவே பிறக்குமாமே என்று சிலர் ஆசையாகக் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருபது வருஷம் கட்டிங் டேபிளில் நின்று கற்ற வேலை அது, அதை வரம் என்று சொன்னால் அவர் நின்ற நிற்புக்கு என்ன மரியாதை?

வீட்டில் என்னதான் செய்தீர்கள்?

தினமும் இருபது நிமிஷம். ஞாயிறு லீவு. போனில் அலாரம் வைத்து, அடித்ததும் சொல்லின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுவோம். இந்தக் கடைசி விதிதான் ரொம்ப முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு எந்தக் குழந்தையும் சந்தோஷமாக வராது, ஓவர்டைம் பார்க்கிற நமக்கே அது தெரியும்.

சிறப்பாசிரியர் முதலில் சொல்லிக் கொடுத்தது அரிசித் தட்டு. தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத்தை எழுத வேண்டும், எழுதும்போதே அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் 1930களில் ஆர்டன், கில்லிங்காம் என்ற இருவர் இந்த வழியை உருவாக்கினார்கள் என்று அவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து நான் தட்டை எடுத்ததும் என் அம்மா, ‘திண்ணைப் பள்ளிக்கூடத்துல எங்கப்பாரு மண்ணுல எழுதிக் கத்திக் கத்திப் படிச்சதும் இதுதானே, இதுக்கா கோயமுத்தூர் போனீங்க?’ என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள், குழம்புகிற இரண்டு எழுத்தை ஒரே நாளில் சொல்லிக் கொடுக்காதீர்கள். ‘ல’ நன்றாகப் படிந்த பிறகு சில வாரம் கழித்து ‘ள’.

இரண்டாவது, காது வேலை. இதற்குப் புத்தகமே வேண்டாம். காய் நறுக்கும்போது, ஸ்கூட்டியில் போகும்போது, ‘மரத்துல ம போயிட்டா என்ன மிச்சம்?’ ‘ரம்.’ ‘பட்டத்துல ப எடுத்துட்டு க போடு.’ ‘கட்டம்.’ விளையாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் சொல்லுக்குள் தனித்தனி ஒலி இருப்பதைக் காது பிரித்து உணராமல் எழுத்து உட்காராது. ஆறேழு மாதம் இதைச் செய்தோம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, நீளச் சொல்லைப் பென்சிலால் வெட்டுவது. விளையாடி / கொண்டிருந்த / அவர்களுக்கும். அப்பா துணி வெட்டுகிறார், நீ சொல்லை வெட்டு என்று சொன்னேன், அது அவளுக்குப் பிடித்துவிட்டது. பள்ளிப் புத்தகம் முழுக்கக் கோடு போட்டு வைத்துத் திட்டும் வாங்கினாள்.

நான்காவதுதான் தேதித் தாள். ஐம்பது அறுபது சொல் உள்ள ஒரு பத்தியை மூன்று முறை படிக்க வேண்டும், போனில் நேரம் பார்ப்பேன், மூன்றாவது தடவை எவ்வளவு ஆனது என்று அன்று காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஒரு முறுக்கு டப்பாவில் போட்டுவிடுவோம். முதல் தாளில் 52 சொல்லுக்கு 4 நிமிடம் 10 நொடி என்று இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே அளவுள்ள வேறு பத்திக்கு 2 நிமிடம் 40 நொடி. நடுவில் ஆறு வாரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை, இரண்டு வாரம் கூடவே செய்தது. அந்த ஆறு வாரத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தது நான்தான், அவள் இல்லை.

ஒரு சொல்லை இருபது தடவை எழுத வைத்தால் பதியாதா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது தடவை இம்போசிஷன். ஆறாவது வரியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள், அதிலிருந்து இருபது வரைக்கும் மேல் வரியைப் பார்த்துப் பார்த்து அதே தப்பு. தப்பைப் பதினைந்து தடவை பழகி வைத்ததுதான் மிச்சம்.

தன்னம்பிக்கை எப்படி வந்தது? நிறையப் பாராட்டினீர்களா?

பாராட்டினேன். வேலைக்கு ஆகவில்லை. ‘நீ கெட்டிக்காரி கண்ணு’ என்றால், ‘நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ’ என்பாள். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தன் வகுப்பில் தான் எங்கே நிற்கிறோம் என்று நன்றாகத் தெரியும், நாம் சொல்கிற பொய்யை அது நம்பாது. பொய் சொல்கிறாள் அம்மா என்று தெரிந்தால் அவ்வளவு மோசமா நம் நிலைமை என்று இன்னும் சுருங்கும்.

அந்த டப்பாதான் வேலை செய்தது. நான்காம் வகுப்பில் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள், எனக்கு எதுவும் வராது, நான் வேஸ்ட் என்று. நான் பேசவில்லை, டப்பாவைக் கவிழ்த்தேன். நூற்றுக்கும் மேல் தாள். ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் ஒரு பக்கம், அவளுடைய நிமிஷமும் நொடியும் மறுபக்கம். தரையில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினாள், ஒரு மணி நேரம் ஆனது. நான்கு நிமிஷத்தில் ஆரம்பித்து எங்கே வந்திருக்கிறது என்று அவளே பார்த்தாள். அப்புறம் பழைய பத்தியை எடுத்து, ‘இதையா அவ்வளவு நேரம் படிச்சேன்?’ என்றாள். அவள் கையால் செய்தது, தேதி போட்டு எண்ணோடு இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. அடுத்த நாளும் பள்ளியில் எல்லோரையும்விட மெதுவாகத்தான் படித்தாள். ஆனால் நான் வேஸ்ட் என்ற சொல் வீட்டில் அதற்குப் பிறகு வரவில்லை.

2020இல் கொரோனாவுக்காகப் பள்ளி மூடியது எல்லோருக்கும் கெட்ட காலம், எங்களுக்கு ஒரு விதத்தில் மூச்சு விட இடம் கிடைத்தது. வகுப்பின் நடுவில் எழுந்து நின்று படிக்க வேண்டியதில்லை, கல்வித் தொலைக்காட்சியில் பாடத்தைக் கேட்டாள், இருபது நிமிஷம் வழக்கம்போல ஓடியது.

ஏழாம் வகுப்பில் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்க அவளே பெயர் கொடுத்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். எனக்குத் தூக்கம் போயிற்று. முந்தின நாள் டீச்சரிடம் செய்தியை வாங்கி வந்து வெட்டி, பதினோரு தடவை படித்தாள். மறுநாள் ‘நாடாளுமன்றத்தில்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாளாம். பின்வரிசையில் சிரித்திருக்கிறார்கள். நாடாளு, மன்றத், தில் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சேர்த்துப் படித்து முடித்தாளாம். அழுது வருவாள் என்று வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, ‘அடுத்த வாரமும் நான்தான்’ என்றாள், சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

டிஸ்லெக்சியா இருந்தும் சாதித்தவர்களைப் பற்றிச் சொல்லி ஊக்கப்படுத்தலாமா?

சொல்லலாம், அளவாக. சுவிட்சர்லாந்தின் ழாக் டூபோஷே 2017இல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார். தன் மாநிலத்திலேயே அதிகாரபூர்வமான முதல் டிஸ்லெக்சியாக்காரன் நான்தான் என்று தன்னைப் பற்றிய குறிப்பில் அவரே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். 2009இல் மருத்துவ நோபல் வாங்கிய கரோல் கிரைடருக்கும் உண்டு. இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னேன். பாப்பா கேட்டுவிட்டு, ‘அவங்களுக்கெல்லாம் புதன்கிழமை டிக்டேஷன் இருந்துச்சா?’ என்றாள். நோபல் பரிசு ரொம்ப தூரத்தில் இருக்கிறது, புதன்கிழமை நாளைக்கு வருகிறது.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

ரிப்போர்ட்டை மேசையில் வைத்துச் சண்டை போட்டால் நடக்காது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களுக்கும் மூச்சு விட நேரம் இல்லை. ஒரே ஒரு உதவி கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள், நாளைக்கு இந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அந்த டீச்சர் ஒத்துக்கொண்டார். வயிற்று வலி நின்றது.

டியூஷன் வைக்கலாமா?

பள்ளியில் நடத்துவதையே இன்னொரு தடவை வேகமாக நடத்துகிற டியூஷன் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

புத்தகத்தைக் கேட்டுப் படிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள். படிக்கப் பழகுவது ஒன்று, பாடத்தைத் தெரிந்துகொள்வது வேறு. இருபது நிமிஷப் பயிற்சியில் கண்டிப்பாக அவளேதான் படிக்க வேண்டும். ஆனால் ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவள் ஏன் எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? நான் படித்துக் காட்டுவேன், போன் படித்துக் காட்டும், பாடப் புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். படிக்க வராததால் அறிவியலும் போயிற்று, சமூக அறிவியலும் போயிற்று என்று ஆனால்தான் நிஜமாகவே பின்தங்குவார்கள்.

பொதுத்தேர்வில் சலுகை உண்டா? சான்றிதழ் வாங்கினால் பின்னால் கல்யாணத்துக்குத் தடையாகுமே?

உண்டு. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று, டிஸ்லெக்சியா அதில்தான் அடங்கும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், மொழிப்பாட விலக்கு என்று தருகிறார்கள். சிபிஎஸ்இயில் மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கு, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. அரசு வேலையில் இருக்கிற 4 சதவீத ஒதுக்கீட்டிலும் இந்தப் பிரிவுக்கு இடம் உண்டு, அதற்கு 40 சதவீதமாவது குறைபாடு என்று சான்றிதழில் இருக்க வேண்டும்.

நாங்கள் கூடுதல் நேரம் மட்டும் கேட்டிருக்கிறோம். எழுத ஆள் வேண்டாம், மொழி விலக்கும் வேண்டாம் என்பது அவள் முடிவு. அதற்காக விலக்கு வாங்குகிற பிள்ளை குறைந்துபோய்விடாது, பிள்ளைக்குப் பிள்ளை சிரமத்தின் அளவு வேறு. கூடுதல் நேரம் தந்தால் மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கேட்டார்.

கல்யாணப் பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள். படிக்கத் தெரியாததை மறைத்து ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார், நன்றாகத்தான் இருக்கிறோம். மறைத்ததுதான் அவருக்குப் பாரமாக இருந்திருக்கிறது.

முழுசாகச் சரியாகிவிடுமா?

இல்லை. இன்றைக்கும் மெதுவாகத்தான் படிக்கிறாள். ர, ற இரண்டும் அவள் நோட்டில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதாமல் வாய்ஸ் அனுப்புவாள். களைத்துப் போனால் பழைய மாதிரி ஊகித்துப் படிப்பாள். ஆனால் தெரியாத சொல் வந்தால் புத்தகத்தை மூடுவதில்லை, பென்சிலைத் தேடுகிறாள்.

உங்கள் வீட்டுக்காரர் படிக்கக் கற்றுக்கொண்டாரா?

இதைப் பெண்கள் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பல வருஷம் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டார். பாப்பா படிக்கும் இருபது நிமிஷமும் பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இந்த வருஷம் பரீட்சை நெருக்கத்தில் அவள் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிட்டாள், சாயங்கால நேரம் காலியானது. டப்பாவில் இப்போது சில தாள்களில் நேரம் பாப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. படித்தவர் அவர். போன வெள்ளிக்கிழமைத் தாளில் 6 நிமிடம் 5 நொடி. நடுவில் கரண்ட் போயிற்று, அதைக் கழிக்க வேண்டும் என்று அவர் சொல்ல, போனில் லைட் இருந்துச்சுல்ல, கழிக்க முடியாது என்று அவள் சொல்ல, இன்னும் தீரவில்லை.